குழந்தைகள் கார்ட்டூனில் தன்பாலீர்ப்பு: கத்தரி எட்டிய இடமும் எட்டாத இடமும்

ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. எட்டு வயது மகளோடு ‘ஸ்டீவன் யுனிவர்ஸ்’ பார்த்துக்கொண்டிருந்தாராம். அதில் ரூபி, சஃபையர் என்ற இருவர் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இருவருமே பெண்கள் மாதிரிதான் இருக்கிறார்கள். “நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த கார்ட்டூன் எதிலும் இப்படி வந்ததில்லை. இது எப்போது ஆரம்பித்தது? இப்போது வந்த ஃபேஷனா? மகள் கேட்டால் என்ன சொல்வது?”

ஃபேஷன் இல்லைங்க. 1990களிலேயே இருந்தது. நம் கண்ணுக்கு வந்து சேர்வதற்குள் காட்சியை வெட்டினார்கள், குரலை மாற்றினார்கள், உறவுமுறையைக்கூட மாற்றினார்கள். இந்த முப்பது வருஷக் கதையை நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: அந்தக் காதல் கதையில் எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது, கத்தரி போட்டால் என்ன மிஞ்சும்? எழுதுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதைக் கத்தரிக்கு எட்டாத இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனார்கள்.

‘செய்லர் மூன்’ ஜப்பானில் 1992ல் தொடங்கிய அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன். 1994ல் வந்த மூன்றாவது சீசனில் ஹருகா, மிச்சிரு என்று இரண்டு இளம்பெண்கள் அறிமுகமாகிறார்கள். இருவரும் காதலர்கள். ஜப்பானியக் குழந்தைகளிடம் யாரும் அதை ஒளிக்கவில்லை. அந்த சீசன் 2000ல் ஆங்கில டப்பிங்கில் அமெரிக்காவுக்கு வந்தபோது இருவரையும் ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கிவிட்டார்கள். வசனம் மாறியது, படம் மாறவில்லை. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதும் அந்த நெருக்கமும் அப்படியே இருந்தன. வாய் ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்லும் விசித்திரமான தொடராக அது ஆகிவிட்டது. அதற்கு முன்பே, 1995ல் வந்த முதல் சீசன் டப்பிங்கில் இன்னொரு வேலை நடந்திருந்தது. ஸாய்சைட் என்ற வில்லன் ஓர் ஆண். இன்னொரு ஆண் வில்லனைக் காதலிப்பவன். அவனுக்குப் பெண் குரல் கொடுத்துப் பெண்ணாகவே மாற்றிவிட்டார்கள். மூலத்தில் உள்ளபடி ஆங்கிலக் குரலில் பார்க்க 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விஸ் மீடியா என்ற நிறுவனம் புதிதாக டப் செய்ய ஆரம்பித்தது அப்போதுதான்.

அமெரிக்காவிலேயே தயாராகிற தொடர்களில் கத்தரி இதைவிட முன்பே விழும். ஒரு கார்ட்டூன் எபிசோட் முதலில் கதைச்சுருக்கமாக எழுதப்படும், பிறகு ஸ்டோரிபோர்டாகக் கட்டம் கட்டமாக வரையப்படும், குரல் பதிவாகும், அப்புறம் முழு அனிமேஷனுக்காகப் பெரும்பாலும் தென்கொரிய ஸ்டுடியோக்களுக்குப் போகும். அங்கே போன பின் மாற்றினால் செலவு. அதனால் சேனலின் தணிக்கைப் பிரிவு கதையிலும் ஸ்டோரிபோர்டிலுமே குறிப்பு எழுதித் தடுத்துவிடும். இப்படித் தடுக்கப்பட்டவை பெரும்பாலும் வெளியே தெரியாது. டிஸ்னியின் ‘கிராவிட்டி ஃபால்ஸ்’ தொடரை உருவாக்கிய அலெக்ஸ் ஹிர்ஷ் பின்னாளில் வெளியே சொன்னதால் ஒன்று தெரிந்தது. 2014ல் வந்த ஓர் எபிசோடில் காதல் தெய்வம் ஒன்று கண்ணில் படுகிறவர்களையெல்லாம் ஜோடி சேர்த்துக்கொண்டே போகும். அதில் இரண்டு வயதான பெண்கள் ஜோடி சேர்வதாக ஸ்டோரிபோர்டில் வரைந்திருந்தார்கள். சேனல் மறுத்தது. இரண்டு பாட்டிகள், சில நொடிகள், அவ்வளவுதான் காட்சி. அதுவே அன்று கடக்க முடியாத சுவராக இருந்தது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று புரிய 2005க்குப் போக வேண்டும். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் ‘போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் பஸ்டர்’ என்று ஒரு தொடர். பஸ்டர் என்ற கார்ட்டூன் முயல் ஊர் ஊராகப் போய் நிஜக் குடும்பங்களின் குழந்தைகளைச் சந்திக்கும். வெர்மான்ட் மாநிலத்துக்குப் போய் மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுப்பதைப் பார்க்கிற எபிசோடில், அவன் சந்திக்கும் குழந்தைகளுக்கு இரண்டு அம்மாக்கள். எபிசோட் பேசுவதெல்லாம் பாகு, பால்பண்ணை, பனி பற்றித்தான். ஆனால் அப்போதுதான் பதவியேற்ற கல்வி அமைச்சர் மார்கரெட் ஸ்பெல்லிங்ஸ், இப்படிப்பட்ட வாழ்க்கை முறையைத் தங்கள் சின்னக் குழந்தைகள் பார்ப்பதைப் பல பெற்றோர் விரும்பமாட்டார்கள் என்று பிபிஎஸ்ஸுக்குக் கடிதம் எழுதினார். அரசு கொடுத்த நிதியைத் திருப்பித் தருவதைப் பற்றி யோசிக்கவும் சொன்னார். பிபிஎஸ் அந்த எபிசோடை விநியோகிக்கவில்லை. பாஸ்டனில் அதைத் தயாரித்த நிலையம் தானே முன்வந்து, கேட்ட நிலையங்களுக்குக் கொடுத்தது.

“பல பெற்றோர்” என்ற அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

அதன்பின் எழுதுகிறவர்கள் மறைவாகச் சொல்லப் பழகினார்கள். ‘அட்வென்ச்சர் டைம்’ தொடரில் மார்சலின் என்ற இரத்தக்காட்டேரிப் பெண்ணும் பபிள்கம் இளவரசியும் வருவார்கள். 2011ல் வந்த ஓர் எபிசோடில் மார்சலின் இளவரசியைப் பார்த்து ஒரு பாட்டுப் பாடுவாள். பழைய கோபமும் ஆறாத பாசமும் கலந்த பாட்டு. மார்சலின் எப்போதோ கொடுத்த பழைய டீஷர்ட்டை இளவரசி இன்னும் போட்டுக்கொண்டு தூங்குகிறாள் என்பதும் அதில் தெரியவரும். குழந்தைக்கு அது நட்பு. கொஞ்சம் வயதானவர்களுக்கு அது முறிந்துபோன காதல். இருவரும் திரையில் முத்தமிட 2018 செப்டம்பர் 3ஆம் தேதி, தொடரின் கடைசி எபிசோட் வரை ஆனது. ஏழு வருஷம்!

‘தி லெஜண்ட் ஆஃப் கோரா’ முடிவும் இப்படித்தான். 2014 டிசம்பர் 19ஆம் தேதி வந்த கடைசிக் காட்சியில் நாயகி கோராவும் அவள் தோழி அசாமியும் கையைப் பிடித்துக்கொண்டு ஆவியுலக வாயிலுக்குள் நடக்கிறார்கள், ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கிறார்கள், முடிகிறது. காதலா, தோழமையா என்று இணையமே சண்டை போட்டது. மூன்று நாள் கழித்து, தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் கொனியட்ஸ்கோ, அது காதல்தான் என்று வெளிப்படையாக எழுதினார். சேனல் ஆதரவாகத்தான் இருந்தது, ஆனால் எவ்வளவு தூரம் காட்டலாம் என்பதற்கு ஓர் எல்லை இருந்தது என்றும் சொன்னார். ஒரு தொடர் முடிந்தபின் அதன் படைப்பாளி வந்து விளக்கம் தர வேண்டியிருந்ததென்றால், திரையில் எவ்வளவு குறைவாகச் சொல்ல அனுமதி கிடைத்தது என்று பாருங்கள். ஆனாலும் அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தொடரின் நாயகி அவள். ஓரத்தில் நிற்கிற ஆள் இல்லை.

ஓரத்தில் நிற்கிறவர்கள் அந்த வருஷங்களில் நிறையவே வந்தார்கள். 2014ல் ‘கிளாரன்ஸ்’ தொடரில் இரண்டு ஆண்கள் உணவகத்தில் சந்தித்துக் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள்; முதலில் அது உதட்டு முத்தமாக இருந்ததாம். 2016 ஜூலையில் நிக்கலோடியனின் ‘தி லவுட் ஹவுஸ்’ தொடரில் கிளைட் என்ற சிறுவனை அவனுடைய இரண்டு அப்பாக்கள் நண்பன் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். 2017ல் டிஸ்னியின் ‘ஸ்டார் வெர்சஸ் த ஃபோர்ஸஸ் ஆஃப் ஈவில்’ கச்சேரிக் காட்சியில் கூட்டத்துக்குள் ஒரே பால் ஜோடிகளும் முத்தமிட்டார்கள். அதே வருஷம் ‘டாக் மெக்ஸ்டஃபின்ஸ்’ தொடரில் இரண்டு அம்மாக்கள் உள்ள பொம்மைக் குடும்பம் வந்தது. எல்லாமே சில நொடிகள் அல்லது ஓர் எபிசோட். ஒரு நாட்டில் வேண்டாமென்றால் அந்த நொடியை எடுத்துவிட்டு மீதியைக் காட்டிவிடலாம். அப்படியிருந்தும் 2017ல் கென்யாவின் திரைப்படத் தணிக்கை வாரியம் லவுட் ஹவுஸ், கோரா, அட்வென்ச்சர் டைம், ஸ்டீவன் யுனிவர்ஸ் உட்படப் பல தொடர்களைத் தடை செய்தது.

கவனித்தீர்களா? இதில் பெரும்பாலும் பெரியவர்கள். அப்பா, அம்மா, பக்கத்து மேசைக்காரர். குழந்தையே ஒரு குழந்தை மேல் ஆசைப்படுவதாகக் காட்டுவதுதான் எழுத முடியாததாக இருந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் இடையே வெட்கப்படுகிற, சிவக்கிற காட்சிகள் எல்லா கார்ட்டூனிலும் உண்டு. அதை யாரும் விஷயமாகவே நினைப்பதில்லை.

சரி, இப்போது உங்கள் மகள் பார்த்த தொடருக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

‘ஸ்டீவன் யுனிவர்ஸ்’ 2013ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கியது. உருவாக்கியவர் ரெபெக்கா ஷுகர். அட்வென்ச்சர் டைமில் ஸ்டோரிபோர்டு வரைந்தவர்; நான் மேலே சொன்ன மார்சலின் எபிசோடில் அவர் கையும் உண்டு. அந்தச் சேனலில் தனியாக ஒரு தொடரை உருவாக்கிய முதல் பெண் அவர்தான். கதையில் ரத்தினங்கள் என்கிற வேற்றுகிரகவாசிகள் வருகிறார்கள். இரண்டு ரத்தினங்கள் ஒன்றாக ஆடி இணைந்தால் இருவரும் சேர்ந்து ஒரே ஆளாக, புது உருவமாக ஆகிவிடுவார்கள். கார்னெட் என்ற பாத்திரம் முதல் எபிசோடிலிருந்தே இருக்கிறாள். உயரமானவள், அதிகம் பேசாதவள், ஸ்டீவன் என்ற சிறுவனோடு வாழும் ரத்தினங்களின் குழுவுக்கே தலைவி மாதிரி. குழந்தைகள் அவளை ஒரு முழு சீசன் நேசித்து முடித்த பிறகு, 2015 மார்ச்சில் வந்த ‘ஜெயில் பிரேக்’ எபிசோடில் உண்மை தெரிகிறது: கார்னெட்டே ஓர் இணைவு. ரூபியும் சஃபையரும் ஒருவரை ஒருவர் பிரிய மனமில்லாமல் சேர்ந்தே இருப்பதால் உண்டான ஆள்தான் கார்னெட். சிறையில் பிரித்து வைக்கப்பட்ட இருவரும் தேடிக் கண்டுபிடித்துத் திரும்ப இணைகிறார்கள். எதிரி இதை மட்டமான தந்திரம் என்று ஏளனம் செய்யும்போது, தான் காதலால் ஆனவள் என்று கார்னெட் சண்டைக்கு நடுவிலேயே பாடுகிறாள்.

இந்த உத்தியின் அருமை எனக்கு இரண்டாம் தடவை பார்த்தபோதுதான் முழுதாகப் பிடிபட்டது. இதை எங்கே வெட்டுவீர்கள்? ஒரு முத்தத்தை எடுக்கலாம், ஒரு வசனத்தை மாற்றலாம். ஒரு முக்கியப் பாத்திரத்தின் உடம்பே அந்தக் காதலாக இருந்தால், அதை எடுத்தால் பாத்திரமே இல்லை, தொடரே இல்லை. அதுவரை யாருக்கும் தோன்றாத வழி இது.

கத்தரி சும்மா இருக்கவில்லை. இதே தொடரின் இன்னோர் எபிசோடில் ரோஸ், பெர்ல் என்ற இரண்டு பெண் ரத்தினங்கள் நெருக்கமாக ஆடும் காட்சியை 2016ல் கார்ட்டூன் நெட்வொர்க்கின் பிரிட்டன் சேனல் வெட்டியது. அதே எபிசோடில் ரோஸும் கிரெக் என்ற ஆணும் முத்தமிடும் காட்சி அப்படியே இருந்தது. கேட்டதற்கு, உள்ளூர்க் குழந்தைகளும் பெற்றோரும் சங்கடப்படாமல் இருக்க என்று விளக்கம் தந்தார்கள். மறுபடியும் பெற்றோர். சில நாட்டு டப்பிங்குகளில் ரூபிக்கு ஆண் குரல் கொடுத்து, காதலை ஆண் பெண் காதலாக்கிவிட்டார்கள். செய்லர் மூனில் பார்த்த அதே வித்தை.

அதனால்தான் 2018 ஜூலை 6ஆம் தேதி வந்த ‘ரீயுனைட்டட்’ கல்யாண எபிசோடில் ஓர் ஏற்பாட்டைப் பார்க்கலாம். குட்டையான, முரட்டுத்தனமான ரூபிக்குத்தான் வெள்ளைக் கல்யாண கவுன். எப்போதும் பாவாடையில் வரும் சஃபையருக்குக் கோட்டு சூட்டு. ரூபியை ஆண் என்று சொல்லிச் சமாளிக்க இனி வழியில்லை. இதற்கு விலையும் இருந்தது. அந்தக் கல்யாணத்தால் சில வெளிநாடுகளின் ஆதரவு போனது, தொடர் முடிவுக்கு வந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று ஷுகர் பின்னர் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம், ஊடகங்களில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று கவனிக்கும் கிளாட் அமைப்பின் குழந்தைகள், குடும்ப நிகழ்ச்சிக்கான விருது இந்தத் தொடருக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் அனிமேஷன் தொடர் இதுதான்.

ஷுகர் 2016ல் தான் இருபாலீர்ப்பு உள்ளவர் என்றும், 2018ல் ஆண், பெண் என்ற இரண்டு அடையாளத்துக்குள்ளும் அடங்காதவர் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். இது சாதாரணத் தகவல் இல்லை. இந்தக் கதைகளைத் திரைக்குக் கொண்டுவந்தவர்களில் பலர், தாங்கள் சின்ன வயதில் திரையில் தேடிக் கிடைக்காத ஒன்றைத்தான் வரைந்தார்கள். டாக் மெக்ஸ்டஃபின்ஸை உருவாக்கிய கிறிஸ் நீ, வேறொரு பெண்ணோடு சேர்ந்து மகனை வளர்த்த அம்மா. நெட்ஃப்ளிக்ஸின் ‘ஷீ-ரா’ தொடரை உருவாக்கிய என்.டி. ஸ்டீவன்சன் பிறகு தன்னைத் திருநராக அறிவித்தவர்.

அந்த ஷீ-ராவின் 2020 முடிவு இந்த வழியில் அடுத்த படி. நான்கு சீசனாக எதிரெதிரே நின்ற அடோரா, கேட்ரா என்ற இரண்டு பெண்கள் கடைசியில் காதலைச் சொல்லி முத்தமிடுகிறார்கள். சாகக்கிடக்கும் அடோராவை அந்தச் சொல்தான் எழுப்புகிறது. அதனால்தான் உலகமே பிழைக்கிறது. அந்த முத்தத்தை எடுத்துவிட்டால் உலகம் எப்படித் தப்பித்தது என்று கதையில் பதிலே இல்லை.

அதே 2020 ஆகஸ்டில் டிஸ்னி சேனலில் குழந்தைக் காதலுக்கான பூட்டும் திறந்தது. ‘தி அவுல் ஹவுஸ்’ தொடரின் நாயகி லூஸ், டொமினிக்கன் வம்சாவளிப் பள்ளிச் சிறுமி, இருபாலீர்ப்பு உள்ளவள். பள்ளி நடன விழாவுக்கு யாரை அழைப்பது என்று தவிக்கும் அமிட்டி என்ற சிறுமியின் கையில் கிழிந்த சீட்டு ஒன்று. அதில் லூஸின் பெயர். இந்தச் சேனலில் எந்தத் தன்பாலீர்ப்பு உறவையும் காட்டக் கூடாது என்று தயாரிப்பு தொடங்கியபோது தன்னிடம் சொல்லப்பட்டதாகவும், பிடிவாதமாக நின்று அனுமதி வாங்கியதாகவும் தொடரை உருவாக்கிய டேனா டெரஸ் எழுதினார். இவர் கிராவிட்டி ஃபால்ஸில் வேலை பார்த்தவர். இரண்டு பாட்டிகளுக்கு இடமில்லாத அதே நிறுவனத்தில், ஆறு வருஷத்துக்குள் இரண்டு சிறுமிகளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் மூன்றாம் சீசன் மூன்றே நீண்ட எபிசோடுகளாகச் சுருக்கப்பட்டு, 2023 ஏப்ரலில் தொடர் முடிந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு ஒரு குறை உண்டு. முன்வரிசையில் நிற்பவர்கள் அநேகமாகப் பெண் ஜோடிகள். சிறுவனைக் காதலிக்கும் சிறுவனை நாயகனாக வைத்த தொடர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. திருநர் குழந்தைகள் அதைவிடக் குறைவு. 2017ல் அமேசானின் ‘டேஞ்சர் அண்ட் எக்ஸ்’ தொடரை இணைந்து உருவாக்கிய ஷாடி பெட்டோஸ்கி ஒரு திருநங்கை. 2022ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘டெட் எண்ட்’ தொடரின் நாயகன் பார்னி ஒரு திருநம்பி. குரல் கொடுத்தவரும் திருநம்பிதான். தொடர் இரண்டு சீசனோடு நிறுத்தப்பட்டது.

வெட்ட முடியாத இடத்தில் வைத்ததற்கு நிறுவனங்கள் கண்டுபிடித்த பதிலும் இந்த இடத்தில்தான் தெரிகிறது. முழுசாகவே எடுத்துவிடுவது. டிஸ்னியின் ‘மூன் கேர்ள் அண்ட் டெவில் டைனோசர்’ தொடரில், பள்ளி வாலிபால் அணியில் ஆடும் ஒரு திருநர் சிறுமியைப் பற்றி ஓர் எபிசோட் வரைந்து, குரல் கொடுத்து, முடிக்கப்பட்டிருந்தது. அது ஒளிபரப்பாகாது என்பது 2024 நவம்பரில் வெளியே வந்தது. அடுத்த மாதமே, பிக்ஸாரின் ‘வின் ஆர் லூஸ்’ தொடரில் ஒரு சிறுமி திருநர் என்பதைச் சொல்லும் வசனங்கள் நீக்கப்பட்டன என்று டிஸ்னி உறுதிசெய்தது. சின்னக் குழந்தைகளுக்கான அனிமேஷன் என்னும்போது, சில விஷயங்களைத் தங்கள் விருப்பப்படி, தங்களுக்கு ஏற்ற நேரத்தில் தாங்களே பேசப் பல பெற்றோர் விரும்புவார்கள் என்று காரணம் சொன்னது.

2005 கடிதத்தில் இருந்த அதே “பல பெற்றோர்”. இருபது வருஷம் கழித்தும் அதே வாக்கியம். இதில் என்னை வருத்துவது ஒன்றுதான்: அந்தப் பல பெற்றோரில், வெர்மான்டின் இரண்டு அம்மாக்களை யாரும் எண்ணவேயில்லை. வாலிபால் ஆட ஆசைப்படும் அந்தச் சிறுமிக்கும் ஓர் அம்மா அப்பா இருப்பார்கள் என்பதையும் எண்ணவில்லை. நீங்களும் ஒரு பெற்றோர்தான். உங்களுக்கு வந்தது பதற்றம் இல்லை, கேள்வி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எல்லா இடத்திலும் பின்னடைவு என்றும் சொல்லிவிட முடியாது. பிபிஎஸ்ஸின் ‘ஆர்தர்’ தொடரில் இருபது வருஷத்துக்கு மேலாக வந்த கண்டிப்பான வாத்தியார் ராட்பர்ன், 2019 மே மாதம் பேட்ரிக் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். மாணவர்கள் அதிர்ந்துபோனது வாத்தியார் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான். மாப்பிள்ளை ஆண் என்பதைப் பார்த்து இல்லை. அலபாமா மாநிலப் பொதுத் தொலைக்காட்சி அதை ஒளிபரப்ப மறுத்துப் பழைய எபிசோடைப் போட்டது. 2005ல் பஸ்டர் எபிசோடை மறுத்ததும் அதே தொலைக்காட்சிதான். ஆனால் இம்முறை எபிசோடை விநியோகித்தது பிபிஎஸ்ஸேதான்.

மகள் கேட்டால் என்ன சொல்வது என்றீர்கள். ரூபிக்கு சஃபையரை ரொம்பப் பிடிக்கும், சஃபையருக்கு ரூபியைப் பிடிக்கும், சேர்ந்தே இருக்க ஆசைப்பட்டார்கள், அதனால் கல்யாணம். எட்டு வயதுக்கு இது போதும். மேலே கேட்டால் சொல்லவும் தமிழில் மரியாதையான சொற்கள் இருக்கின்றன: தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு, திருநங்கை, திருநம்பி. சென்னை உயர்நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022ல் இப்படிப்பட்ட சொற்களுக்கு ஒரு பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது.

அப்புறம், கல்யாணத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். முதலில் ‘ஜெயில் பிரேக்’ பாருங்கள். அடுத்து ‘தி ஆன்சர்’. இருவரும் முதன்முதலில் எப்படிச் சந்தித்தார்கள் என்பதை கார்னெட் ஸ்டீவனுக்கு அவன் பிறந்தநாளில் கதையாகச் சொல்வாள். அதற்குப் பிறகு ‘தி கொஸ்டின்’. ஒரு பெரிய சண்டைக்குப் பின் பிரிந்துபோன ரூபி, தனியாக வாழ்ந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து தானே கல்யாணத்துக்குக் கேட்பாள். ஒவ்வொன்றும் பதினோரு நிமிஷம்தான். இந்த மூன்றையும் பார்த்த பிறகு கல்யாண எபிசோடைத் திரும்பப் போட்டால், ரூபி ஏன் அழுகிறாள் என்று மகளே உங்களுக்குச் சொல்வாள்.